நிறுத்தியவர் யார் என்று கேட்ட கட்டம்

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதப் புகுகிறவர்கள், அவர்கள் பிறந்த வேளையில் வானத்திலாவது வாசலிலாவது ஏதேனும் ஓர் அடையாளம் தென்பட்டதாக எழுதி வைப்பார்கள். கட்டம் டாக்டர் பிறந்த வேளையில் மின்சாரம் கூடத் தடைபடவில்லை. ஆனால் சிறுவயதில், மற்ற பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டிருக்க, அவர் வீட்டிலிருந்த சட்டைப் பொத்தான்களையெல்லாம் நிறவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய அண்ணன் இன்றும் சொல்வதுண்டு. எந்த நிறத்திலும் சேராத பொத்தான் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, “தூக்கி எறிஞ்சிடுவா” என்றார் அண்ணன். பிற்காலச் சாதனைகள் அனைத்துக்கும் விதை இங்கேதான் கிடக்கிறது.

டாக்டருக்குப் படித்து முடித்துச் சில வருடங்கள் அவர் நோயாளிகளைப் பார்த்தது உண்மை. அந்தத் தொழில் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. நோயாளிகள்தான் இடைஞ்சலாக இருந்தார்கள். “வலி எப்போ ஆரம்பிச்சுது?” என்று கேட்டால் தேதி சொல்ல வேண்டியதுதானே? “எங்க நாத்தனார் வீடு மாத்தினாங்கல்ல, அதுக்கு முன்னாடி, ஆனா அது வேற வலி” என்பார்கள். “ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?” என்றால், “சொந்தக் காசுலயா?” என்று கேட்பார்கள். இப்படிப்பட்டவர்களிடமிருந்து மருத்துவத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற வைராக்கியம் அப்போதே அவர் மனத்தில் விழுந்துவிட்டது.

ஆகவே ஆஸ்பத்திரியில் காகித ஃபைல்களை ஒழித்துக் கம்ப்யூட்டர் பதிவேடு கொண்டுவந்த வருடம், அதற்கு விதி எழுதும் வேலைக்குக் கையைத் தூக்கிய ஒரே மருத்துவர் அவர்தான். ரத்த வங்கியின் குளிர்பெட்டிக்கும் லிஃப்ட் மோட்டாருக்கும் நடுவே ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு பக்கம் உறுமல், மறு பக்கம் முனகல். நோயாளிகள் எவரும் வழி தவறிக்கூட அங்கே வர முடியாது. டாக்டர் பரம திருப்தியோடு குடியேறினார்.

வேலை இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகத்துப் பேரறிஞர்கள் கூடி, இந்த நோய்க்கு இப்படிச் சிகிச்சை செய்யுங்கள் என்று தடித் தடியாக வழிகாட்டுநெறிகள் எழுதுகிறார்கள். அவற்றை யாரும் படிப்பதில்லை என்பதால், அதிலுள்ள அறிவை நோயாளியின் பதிவேட்டுக்குள்ளேயே கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் புதைத்து வைப்பது. இந்தக் கட்டத்தில் இன்ன எண் வந்தால் அந்தக் கட்டம் திறக்க வேண்டும். அது திறக்காவிட்டால் இது சிவக்க வேண்டும். படிக்க மறுத்த டாக்டர்களை இனி சிஸ்டமே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

கேட்க எளிதாக இருக்கும். “தேவைப்பட்டால், நோயாளியின் பொதுவான நிலையைக் கருத்தில் கொண்டு, மருந்தைக் குறைக்கலாம்” என்று ஒரு வரி. பேரறிஞர்கள் எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். “தேவைப்பட்டால்” என்றால் யாருக்கு? எந்த அலகில்? அந்த ஒரு வரியோடு டாக்டர் ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கு நின்றார். கடைசியில் “தேவை” என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்களும், “பொதுவான நிலை”க்கு நான்கு படிகளும் கொடுத்து அதை அடக்கினார். “குறைக்கலாம்” என்பதில் இருந்த “லாம்” எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. பொத்தான்களுக்கு நேர்ந்த கதிதான் அதற்கும்.

இந்தத் திருப்பணியால்தான் கட்டம் டாக்டர் என்ற பெயர் அவருக்கு அமைந்தது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. “என் கட்டம் சரியில்ல” என்று வார்டில் யாராவது பெருமூச்சு விட்டால், அது ஜாதகமா சிஸ்டமா என்று விசாரித்துத்தான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

அவருடைய தலைசிறந்த படைப்பு, ஆபரேஷன் தியேட்டருக்கு வைத்த விளக்கு. விதிகளெல்லாம் பொருந்தினால் திரையில் பச்சை. பச்சை வந்தால்தான் தியேட்டரில் இடம். ஆரம்பத்தில் சிவப்புக்குப் பக்கத்தில் “மீறு” என்று ஒரு பொத்தான் இருந்தது. டாக்டர்கள் அதை அழைப்பு மணியைப் போல அழுத்திக்கொண்டிருந்தார்கள். கட்டம் டாக்டர் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார். எடுத்த தினத்தன்று நிர்வாகத்தில் கேக் வெட்டினார்கள்.

மருந்துகளுக்கு அவர் செய்த அமைப்பும் அழகானது. ஒவ்வொரு மருந்துக்கும் தொடங்கியவர், அளவு, நிறுத்தியவர் என்று கட்டங்கள். தொடங்கியவரும் டாக்டர்; நிறுத்தியவரும் டாக்டர். நடுவில் விழுங்குகிறவர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கட்டம் தேவைப்படவில்லை. இதை விவாதித்த கூட்டத்தில் தலைமை நர்ஸ் மட்டும் ஒரு குறுக்குக் கேள்வி போட்டார்.

“மேடம், நோயாளியே நிறுத்திட்டார்னு ஒரு கட்டம் வேணுமே?”

“எதுக்கு?”

“நிறுத்திடறாங்களே.”

“சிஸ்டர், நோயாளி தானா நிறுத்துறது ஒரு சிகிச்சை இல்ல. எந்த வழிகாட்டுநெறியிலயும் அப்படி ஒரு செயலே கிடையாது. இல்லாததுக்கு எப்படிக் கட்டம் போடுறது?”

“இல்லாததைத்தான் மேடம் பாதிப் பேர் வீட்டுல பண்ணிட்டிருக்காங்க” என்றார் சிஸ்டர். இது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

அமைப்பு பிரமாதமாக வேலை செய்தது. ஒரே வருடத்தில், தேவையற்ற மருந்துகளை நிறுத்துவதில் ஆஸ்பத்திரி எங்கேயோ போய்விட்டது. அதிலும் பொது மருத்துவப் பிரிவின் பழைய தலைவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்று அழைப்பவர், மற்ற அனைவரும் சேர்ந்து நிறுத்தியதைவிட அதிக மருந்துகளை ஒற்றை ஆளாக நிறுத்தியிருந்தார். கட்டம் டாக்டர் அவரை மேடையில் வானளாவப் புகழ்ந்து, வீட்டுக்கு ஒரு கேடயமும் அனுப்பி வைத்தார். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கேடயம் எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெரிய மனிதர் அல்லவா, மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்படிச் சரித்திரம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமனார் விழுந்தார்.

மாமனார் தபால் இலாகாவில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, குறைந்த பேச்சு, மாமியாரோடு அரை நூற்றாண்டு நெருங்கும் சகவாசம். சில வருடங்களுக்கு முன் அவர் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. அதிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. அதை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு நீட்டுவது மாமியாரின் முதல் கடமை. அன்று காலை மாத்திரை வேளை முடிந்து நடைக்குக் கிளம்பியவர், அவர்கள் மாடியில் லிஃப்ட் வாசலிலேயே சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

நம் டாக்டரின் கணவர் லிஃப்ட் பரிசோதகர். வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்களைச் சமமாகப் பார்க்கிறவர். அவரே பதறிப்போய் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தார். “நாளைக்கு மதியத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம். வயசானவங்களைப் படுக்க வைக்க வைக்க நெஞ்சுல சளி கட்டும், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாங்க. சீக்கிரம் பண்ணினா நடந்துடுவார்.”

மறுநாள் காலை, திரை சிவப்பு.

ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவரை, அதை நிறுத்தி இரண்டு நாள் போன பிறகுதான் கத்தி வைக்கலாம். இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. நியாயமான விதி. சேர்த்த டாக்டர் நேற்றுத்தான் மாத்திரையை நிறுத்தியதாகப் பதிந்திருந்தார். ஆகவே நாளைவரை சிவப்பு. அதே திரையின் வலது மூலையில் இன்னொரு விதி ஆரஞ்சு நிறத்தில் துடித்துக்கொண்டிருந்தது: “இடுப்பு முறிவு. இன்று மதியத்துக்குள் அறுவை செய்க. தாமதத்துக்குக் காரணம் கூறுக.” இடது மூலை கூடாது என்றது, வலது மூலை ஏன் இன்னும் இல்லை என்றது. இரண்டையும் பெற்றெடுத்தவர் ஒரே தாய்.

“மேடம், உங்க ரெண்டு பிள்ளைங்களும் சண்டை போடுது” என்று எலும்பு டாக்டர் போனில் சொன்னார். “நான் யார் பக்கம் நிக்க? உங்க மாமனார்ங்கிறதால கேக்குறேன்.”

கட்டம் டாக்டர் வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத வார்டுக்கு இறங்கி வந்தார். மாமனார் கட்டிலில் சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தார். யாராவது கட்டிலை உரசினாலே முனகினார். பக்கத்தில் மாமியார், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் கணவர்.

“ஒரு விஷயம்” என்றார் எலும்பு டாக்டர். “அந்த மருந்து ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்த்தோம். துளிகூட இல்ல. நேத்துக் காலையில சாப்பிட்டவருக்குக் கொஞ்சமாவது இருக்கணும். எனக்கு இது போதும், இப்பவே கொண்டு போயிடுவேன்.”

“சிஸ்டம் என்ன சொல்லுது?”

“உங்களுக்குத் தெரியாததா? ‘மருந்து உட்கொள்பவருக்கு இந்த முடிவு பொருந்தாது. ரத்த மாதிரி பழுது. மீண்டும் எடுக்கவும்.’ ரெண்டு தடவை எடுத்தாச்சு. ரெண்டு தடவையும் ரத்தம்தான் தப்பாம்.”

மாமியார் குறுக்கிட்டார். “மெஷின் சொல்றதுதான் சரி. ரத்தத்தை ஒழுங்கா எடுக்கல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் மாத்திரை குடுக்காம விட்டதில்ல. என் கையாலயே குடுப்பேன், வாயில போட்டு முழுங்குறதைப் பார்த்துட்டுத்தான் நகருவேன். சொல்லுங்களேன், உங்களைத்தான்!”

“ஆமாமா” என்றார் மாமனார், கூரையைப் பார்த்து.

மாமியாரும் சிஸ்டமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது வரலாற்றில் அதுவே முதல் முறை. கட்டம் டாக்டருக்கு அப்போதுதான், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, ஒரு நோயாளியின் முகத்தைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தார். அந்த முகம் கூரையை விட்டு இறங்குவதாக இல்லை.

“என்னங்க, அத்தையைக் கூட்டிட்டுப் போய் ஒரு டீ வாங்கிக் குடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

இருவரும் வாசலைத் தாண்டியதும் கட்டம் டாக்டர் குனிந்தார். “மாமா, உண்மையைச் சொல்லுங்க. மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“அவ போயிட்டாளா?”

“போயிட்டாங்க.”

“கதவுக்குப் பின்னால பாரு.”

“இல்ல மாமா, நிஜமாவே போயிட்டாங்க.”

“நிறுத்தி ரெண்டு வருஷம் ஆகுதும்மா. ஷேவ் பண்ணினா ஒரு கீறலுக்கு ஒரு துண்டு நனையுது. உன்கிட்ட சொல்லலாம்னு பார்த்தேன், நீ எப்பவும் வேலையா இருந்தே. அவகிட்ட சொன்னா வீட்டுல இருக்க முடியாது. நாக்குக்கு அடியில வச்சுப்பேன். லிஃப்ட் வந்ததும், அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்குல்ல, அதுல போட்டுடுவேன்.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை கூட. நேத்துப் போடும்போது பின்னாலேர்ந்து ‘குடை எடுத்தீங்களா’ன்னு கத்தினா. நான் திரும்பினேன். கால் திரும்பல.”

ஊரிலுள்ள லிஃப்டுகளின் குழியையெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிற அவருடைய மகன், தன் வீட்டு லிஃப்டின் குழியை மட்டும் பார்த்ததில்லை. அது வேறொரு பரிசோதகரின் எல்லைக்குள் வருகிறது.

கட்டம் டாக்டர் நிமிர்ந்தார். உண்மை கிடைத்துவிட்டது, இனி அதைப் பதிய வேண்டியதுதான் பாக்கி. வார்டின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். மருந்தைத் திறந்தார். நிறுத்திய தேதி: இரண்டு வருடத்துக்கு முன். சிஸ்டம் பணிவோடு அடுத்த கட்டத்தைத் திறந்து கேட்டது: “நிறுத்திய மருத்துவர்?”

காலியாக விட்டுப் பார்த்தார். விடவில்லை. மாமனாரின் பெயரை அடித்தார். “இவர் மருத்துவர் அல்லர்” என்றது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். புள்ளி வைப்பவர்கள் உண்டு என்று முன்கூட்டியே யோசித்து அதையும் அடைத்திருந்தார். தான் எத்தனை திறமைசாலி என்பது அன்றுதான் அவருக்கே முழுமையாகப் புரிந்தது.

பின்னால் சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “என்ன மேடம், அங்கயே நிக்கிறீங்க? பெரிய டாக்டர் பேரைப் போடுங்க.”

“எதுக்கு?”

“நோயாளிங்களே நிறுத்திட்டா அவர் பேரைத்தான் போடுவோம். அவர் ரிடயர் ஆயிட்டார்ல, யாரும் போன் பண்ணிக் கேக்க மாட்டாங்க. எல்லா வார்டுலயும் அப்படித்தான் மேடம். புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவோம்.”

கட்டம் டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் தான் பேசிய பேச்சு வரி வரியாக மனத்தில் ஓடியது. “ஒரு தனி மனிதரின் துணிச்சல்” என்று சொல்லியிருந்தார். கை தட்டியிருந்தார்கள். முன்வரிசையில் நர்ஸுகள்தான் அதிகமாகத் தட்டினார்கள் என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது.

வழிகாட்டுநெறிக் குழுத் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் எந்தக் கேள்விக்கும் பதட்டப்படாதவர், பதிலும் சொல்லாதவர்.

“சார், ‘நோயாளி தானே நிறுத்தினார்’னு ஒரு கட்டம் அவசரமா வேணும்.”

“நீங்கதானம்மா வேண்டாம்னீங்க? அழகான வாதம். நான் பல இடத்துல எடுத்துச் சொல்லியிருக்கேன்.”

“இப்ப வேணும் சார். என் மாமனார் கட்டில்ல கிடக்குறார்.”

“அடடா. அடுத்த மாசக் கூட்டத்துல முதல் பொருளா வச்சுடுவோம். அவரை நல்லாப் பார்த்துக்குங்க.”

மென்பொருள்காரரைக் கூப்பிட்டார். “பண்ணிடலாம் மேடம்” என்று அவர் உற்சாகமாக ஆரம்பித்ததும் டாக்டருக்கு உயிர் வந்தது. “ஆனா இந்த வெர்ஷன்ல முடியாது.” போய்விட்டது. “சரி, அந்த ‘மீறு’ பொத்தானையாவது ஒரு மணி நேரத்துக்குத் திருப்பிப் போட முடியுமா?” “அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாதபடி எடுக்கச் சொன்னீங்களே மேடம். அவ்வளவு சுத்தமா எடுத்திருக்கோம்.”

கட்டிலில் மாமனார் இருமினார். இருமல் இடுப்புக்குப் போய், முகம் கோணியது. எலும்பு டாக்டர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், இப்ப விட்டா தியேட்டர் வேற ஆளுக்குப் போயிடும்.”

நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். “பெரிய டாக்டரையே போட்டுடுங்க மேடம். பழகிட்டார்.”

கட்டம் டாக்டர் தட்டச்சு செய்தார். பெரிய டாக்டரை அல்ல. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் மனிதர் தலையில் தன் மாமனாரையும் ஏற்ற மனம் வரவில்லை. பொய்தான் சொல்ல வேண்டும் என்றால் சொந்தப் பெயரிலாவது சொல்வோம் என்று, சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தார். சிஸ்டம் அடையாளம் கண்டுகொண்டது. “காரணம்?” என்றது. கடும் ரத்தக்கசிவு, ஒவ்வாமை, பயன் முடிந்தது என்று மூன்று கட்டங்கள். சவரக் கீறல் என்றோ மனைவியிடம் பயம் என்றோ ஒன்று இல்லை. “பயன் முடிந்தது” என்பதை அழுத்தினார்.

ரத்தச் சோதனை உடனே பழுது நீங்கிச் சரியாகிவிட்டது. ஆரஞ்சு அடங்கியது. திரை முழுக்கப் பச்சை.

“பிரமாதம்” என்றார் எலும்பு டாக்டர். “ரெண்டு வருஷமா மறைச்சு வச்சிருந்தீங்களே.”

வண்டிக் கட்டிலைத் தள்ளும்போது மாமனார் கையை அசைத்து மருமகளைக் கூப்பிட்டார். “என்னம்மா எழுதினே?”

“நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு எழுதியிருக்கேன் மாமா.”

மாமனார் முகத்தில் அந்த இரண்டு நாளில் முதல்முறையாக ரத்தம் ஏறியது. “கம்ப்யூட்டர்லயேவா? அழிக்க முடியாதே?”

“முடியாது மாமா.”

“நல்லா இரு” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். மயக்க மருந்து அதன்பிறகுதான் கொடுத்தார்கள்.

அறுவை நன்றாக நடந்தது. மறுநாளே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அடுத்த வாரம் வாக்கரோடு வீடு வந்து சேர்ந்தார். அதன் நான்கு கால்களையும் தரையில் ஊன்றி ஊன்றி, கூடத்துக்கும் சமையலறைக்கும் தபால்காரர் மாதிரி நடந்தார்.

குழுவும் சொன்ன சொல் தவறாமல் அடுத்த மாதம் கூடியது. கட்டம் டாக்டர் எழுந்து நின்று, தான் சொன்னது தவறு, நோயாளிகள் நிறுத்துகிறார்கள், அதற்குக் கட்டம் வேண்டும் என்று கேட்டார். தலைமை நர்ஸ் மேசையில் இருந்த பிஸ்கட் தட்டை டாக்டர் பக்கம் நகர்த்தி வைத்தார். நீண்ட விவாதத்துக்குப் பின் “நோயாளி தானே நிறுத்தினார்” என்ற கட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. பொறுப்பு என்று ஒன்று வேண்டும் அல்லவா? ஆகவே அதற்குக் கீழே தலைவர் ஒரு துணைக் கட்டமும் சேர்த்தார்: “அனுமதித்த மருத்துவர்.” பெரிய டாக்டருக்கு இந்த வருடமும் கேடயம் உண்டு என்று எதிர்பார்க்கப்படுகிறது.

அன்று கூட்டம் முடிந்து கட்டம் டாக்டர் வீடு திரும்பியபோது, மாமியார் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது. கணவர் சன்னலோரமாக நின்று வெளியே எதையோ பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

“உக்காரு” என்றார் மாமியார். “உங்க மாமா இன்னிக்குத்தான் சொன்னார். நீதான் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னியாமே? கம்ப்யூட்டர்லயே இருக்காமே?”

“அத்தை, அது வந்து...”

“ரெண்டு வருஷம்! மழையோ வெயிலோ, எனக்கே காய்ச்சல் வந்தப்பகூட எழுந்து வந்து, வேளை தவறாம மாத்திரை குடுத்தேன். நீ நிறுத்திட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் என்ன பைத்தியமா இந்த வீட்டுல? அந்த மனுஷன் பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு வாங்கி வாங்கித் தூர போட்டிருக்கார்!”

வாக்கர் சத்தம் சமையலறைப் பக்கமிருந்து நெருங்கி வந்து நின்றது.

“அதானே” என்றார் மாமனார். “அவகிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

கட்டம் டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். மறுத்தால் பதிவேடு பொய். ஒப்புக்கொண்டால் தன் வாய் பொய். வழிகாட்டுநெறிகள் எதிலும் இந்த நிலைமைக்கு விதி இல்லை.

“மன்னிச்சுடுங்க அத்தை. சொல்லியிருக்கணும். மறந்துட்டேன்.”

“அவ்வளவு பெரிய டாக்டர், மறந்துட்டாளாம்!” மாமியார் எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் போட்டார். “போனது போகட்டும். இனிமே அவருக்கு எந்த மாத்திரையை நிறுத்துறதா இருந்தாலும் முதல்ல என்னைக் கேளு. நான் சரின்னு சொன்னப்புறம் நீ நிறுத்து. என்ன?”

“சரிங்க அத்தை” என்றார் கட்டம் டாக்டர்.